வினைவேகம் அளந்து ரியாக்டருக்கு அளவு போடுவது எப்படி? இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு தொடக்க வழிகாட்டி

சாயல்குடிப் பக்கம் பதநீர் இறக்குபவர்கள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாமல் பாளையில் கட்டுவதில்லை. தடவாவிட்டால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. பதநீரில் இருக்கும் சுக்ரோஸ் என்ற சர்க்கரை புளிப்பில் உடைந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த சர்க்கரை கூடிவிட்டால் பாகை எவ்வளவு காய்ச்சி சிரட்டையில் ஊற்றினாலும் கருப்பட்டி சரியாக இறுகாது. இறுகினாலும் கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும்.

இதே சர்க்கரை உடையும் வினையைத்தான் 1850-இல் லுட்விக் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர் அளந்து, ஒரு வேதிவினையின் வேகத்தை முதன்முதலாகச் சமன்பாடாக எழுதினார். 1889-இல் ஸ்வீடன் வேதியியலாளர் அர்ஹீனியஸ் வெப்பநிலைக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை விளக்க எடுத்துக்கொண்டதும் சர்க்கரை உடையும் இந்த வினையைத்தான். எனவே வினைவேகவியல் நமக்கு அந்நியமான பாடம் என்று யாரும் தயங்க வேண்டாம். அதன் தொடக்கக் கதையே நம் கலயத்துக்குள் தினமும் நடப்பதுதான்.

இந்தக் கட்டுரை இரண்டு பேருக்காக. ஒருவர், பிளஸ் டூ முடித்து கெமிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்து, வினைவேகப் பாடத்தைப் பார்த்து மலைத்து நிற்பவர். மற்றவர், தொண்டியிலோ மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ நண்டு ஓடு, இறால் ஓடு, கடற்பாசி இவற்றை வைத்து ஏதாவது செய்யலாமா என்று யோசிப்பவர். இருவரும் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?" தொட்டி என்பது வினை நடக்கும் கலம், அதாவது ரியாக்டர். அது கடைசியில் வர வேண்டிய கேள்வி. இந்த வினை முடிய எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரத்தை எது தீர்மானிக்கிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அதை அளந்துவிட்டால் தொட்டியின் அளவு சாதாரணப் பெருக்கல் கணக்கு. அளக்காமல் தொட்டி வாங்கியவர்கள் பிறகு எந்தக் கணக்காலும் அதைச் சரிசெய்ய முடிவதில்லை.

இரண்டு எடுத்துக்காட்டுகளை கடைசி வரை கூடவே வைத்துக்கொள்வோம். ஒன்று, சர்க்கரைக் கரைசலில் கொஞ்சம் அமிலம் சேர்த்து உடைத்து, மிட்டாய்க் கடைகளுக்குப் போகும் இன்வர்ட் சிரப் செய்வது. இன்னொன்று, நண்டு ஓட்டிலுள்ள சுண்ணாம்பை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து எடுப்பது. ஓட்டில் சுண்ணாம்போடு சேர்ந்திருக்கும் நார்ப்பொருளான கைட்டின், அதிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் இவற்றைச் செய்பவர்கள் எல்லோரும் கடக்க வேண்டிய படி இது. முதலாவது திரவத்துக்குள்ளேயே நடக்கும் வினை, இரண்டாவது திடப்பொருளும் திரவமும் சந்திக்கும் வினை. இந்த வேறுபாடு பெரிது.

முதல் படி: வரவு செலவு எழுதுங்கள்

வேகத்தைப் பற்றி யோசிக்கும் முன், என்ன போகிறது, என்ன வருகிறது என்று எழுத வேண்டும். நண்டு ஓட்டையே எடுப்போம். 10 கிலோ காய்ந்த ஓடு, அதில் பாதி கால்சியம் கார்பனேட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஓட்டில் எவ்வளவு என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும். வேதியியலில் துகள்களை எண்ணும் அலகு மோல்; கால்சியம் கார்பனேட்டில் 100 கிராம் ஒரு மோல். 5 கிலோ கார்பனேட் என்றால் 50 மோல். ஒரு மோல் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம். ஆகவே 100 மோல், அதாவது 3.65 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு. கடையில் கிடைக்கும் அமிலம் 30 முதல் 33 சதவீதம்தான் இருக்கும் என்பதால் சுமார் பதினொன்றரைக் கிலோ வாங்க வேண்டும். ஒரு லிட்டரில் ஒரு மோல் இருக்குமாறு நீர்த்தால் 100 லிட்டர் திரவம்.

வாயுவையும் எழுத வேண்டும். 50 மோல் கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். எடையில் 2.2 கிலோதான். ஆனால் 30 டிகிரி வெப்பநிலையில் அது ஏறத்தாழ 1,250 லிட்டர். மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை விட அதிகம்.

இந்த 1,250 லிட்டரை நான் ஒருமுறை எழுத மறந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு லிட்டர் பீக்கரில் அழகாக நடந்த சோதனையை நம்பி, இருநூறு லிட்டர் டிரம்மில் ஓட்டைப் போட்டு அமிலத்தை ஒரே மூச்சில் ஊற்றச் சொன்னேன். ஓட்டில் ஒட்டியிருந்த புரதம் சோப்பு மாதிரி நுரையைப் பிடித்து நிறுத்த, டிரம் வாயைத் தாண்டி அமில நுரை தரை முழுவதும் ஓடியது. உடன் நின்ற அண்ணன் ஒருவருக்குக் கணுக்கால் சிவந்துவிட்டது. நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவியதால் அதோடு போனது. பீக்கரில் ஏன் பொங்கவில்லை? அங்கே பத்து கிராம் ஓடுதான் இருந்தது. திரவத்தின் பரப்போடு ஒப்பிட்டால் வாயு வெளியேற இடம் தாராளமாக இருந்தது. டிரம்மில் பரப்பு கொஞ்சம் கூடியது, வாயு பல மடங்கு கூடியது. அவ்வளவுதான் விஷயம், ஆனால் அதை முன்கூட்டியே தாளில் எழுதியிருந்தால் அந்த அண்ணன் கால் தப்பியிருக்கும்.

இரண்டாம் படி: அளங்கள்

வினைவேகத்தை அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டும் என்பது தவறான எண்ணம். வினை நடக்க நடக்க மாறும் ஏதாவது ஒன்றைப் பிடித்தால் போதும். எடை, நிறம், மின்கடத்துதிறன், வாயுவின் அளவு, புளிப்பு, எதுவானாலும் சரி. வில்ஹெல்மி பிடித்தது ஒளியை. ஒரே தளத்தில் அதிரும் ஒளியைச் செலுத்தினால் சுக்ரோஸ் கரைசல் அந்தத் தளத்தை வலப்பக்கம் திருப்பும். உடைந்த கலவை இடப்பக்கம் திருப்பும். திருப்பம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தே எவ்வளவு சர்க்கரை மீதியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். பெரும்பாலான கல்லூரி வேதியியல் ஆய்வகங்களில் இந்தத் திருப்பத்தை அளக்கும் போலாரிமீட்டர் உண்டு; கேட்டு வாங்கிச் செய்து பாருங்கள்.

நண்டு ஓட்டுக்கு அதுகூட வேண்டாம். நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற, 500 கிராம் வரை 0.01 கிராம் துல்லியமாகக் காட்டும் சிறு எலக்ட்ரானிக் தராசு ஒன்று போதும். வீட்டில் செய்வதாக இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தொட வேண்டாம், சமையல் வினிகரை எடுத்துக்கொள்ளுங்கள். செய்முறை இதுதான்:

நண்டின் முதுகு ஓட்டை மட்டும் பிரித்து, தசையும் சவ்வும் இல்லாமல் கழுவி, நன்றாக வெயிலில் காயவைத்து, விரல்நகம் அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கு ஓட்டைக் கலக்காதீர்கள், காரணம் பின்னால் வரும். 300 மில்லிலிட்டர் வினிகரை எடை குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றுங்கள். முதலில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டு நுரை அடங்கும் வரை விடுங்கள். கார்பன் டை ஆக்சைடு கணிசமாகத் திரவத்திலேயே கரைந்து நிற்கக்கூடியது. இப்படி முன்பே நிரப்பிவிடாவிட்டால் தொடக்கத்தில் வரும் வாயுவைத் திரவம் விழுங்கிக்கொள்ளும், வினை மெதுவாகத் தொடங்குவதாகத் தவறாகத் தெரியும். பிறகு பாட்டிலைத் தராசில் வைத்து, 4 கிராம் ஓட்டைப் போட்டு, பாட்டிலின் வாயில் பஞ்சைத் தளர்வாகச் செருகுங்கள். தெறிக்கும் துளிகளைப் பஞ்சு பிடித்துக்கொள்ளும், வாயு போய்விடும். முதல் பத்து நிமிடம் அரை நிமிடத்துக்கு ஒரு முறையும், பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையும் எடையைக் குறியுங்கள். ஒவ்வொரு முறையும் குறிக்கும் முன் பாட்டிலை லேசாக ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள்.

ஓட்டில் பாதி கார்பனேட் என்றால் கடைசியில் மொத்தம் 0.88 கிராம் எடை குறையும். உங்களுக்கு எவ்வளவு குறைந்ததோ அதிலிருந்து உங்கள் ஓட்டில் உண்மையில் எவ்வளவு சுண்ணாம்பு என்று தெரிந்துவிடும். முதல் படியில் ஊகித்த எண்ணை இப்போது திருத்திக்கொள்ளலாம்.

வினிகரை ஏன் இவ்வளவு அதிகமாக எடுத்தோம்? இரண்டு பொருள்கள் ஒரே நேரத்தில் குறைந்துகொண்டே போனால் வேகம் எதனால் மாறியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றைத் தாராளமாக வைத்துவிட்டால் அதன் செறிவு பெரிதாக மாறாது, மற்றதன் பங்கு தனியாகத் தெரியும். சர்க்கரை வினையிலும் இதுதான் நடக்கிறது. தண்ணீரும் வினையில் பங்கெடுக்கிறது, ஆனால் கடலளவு இருப்பதால் அது குறைவதே தெரிவதில்லை. பாடப்புத்தகம் இதைப் போலி முதல் வகை வினை என்கிறது. பெயரைப் பார்த்துக் குறைவாக நினைக்க வேண்டாம், சோதனை செய்பவனுக்கு இது பெரிய உதவி.

மூன்றாம் படி: எண்கள் என்ன சொல்கின்றன என்று கேளுங்கள்

இங்கேதான் பலர் நேராகச் சூத்திரத்துக்குத் தாவுகிறார்கள். வேண்டாம். முதலில் எண்களை வெறும் கண்ணால் பாருங்கள்.

சர்க்கரைச் சோதனையில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை மீதமிருந்த சர்க்கரை 100, 80, 64, 51 என்று வந்ததாக வையுங்கள். ஒவ்வொரு 20 நிமிடத்திலும் அப்போது இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. இருப்பு குறையக் குறைய இழப்பும் அதே விகிதத்தில் குறைகிறது. இது முதல் வகை வினை. வினைவேக மாறிலியைக் கண்டுபிடிக்க, 100-ஐ 80-ஆல் வகுத்து, அதன் இயல் மடக்கையை (கால்குலேட்டரில் ln) எடுத்து, 20-ஆல் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 0.0112 வருகிறது. இதன் பொருள், அந்தக் கணத்தில் இருக்கும் சர்க்கரையில் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் ஒவ்வொரு நிமிடமும் உடைகிறது. அரை வாழ் காலம் 62 நிமிடம். முதல் வகை வினையில் 100 பாதியாக ஆகும் நேரமும் 50 பாதியாக ஆகும் நேரமும் ஒன்றாகவே இருக்கும். உங்கள் எண்களில் இரண்டாவது பாதிக்கு இரு மடங்கு நேரம் ஆகிறதென்றால் அது இரண்டாம் வகை.

நண்டு ஓட்டு எண்களை இப்படிப் பார்க்க முடியாது. அங்கே அமிலம் ஓட்டின் மேற்பரப்பில் தொடங்கி உள்ளே போகிறது. சுண்ணாம்பு கரைந்த பின்னும் கைட்டினும் புரதமும் சேர்ந்த மெல்லிய தோல் அதே வடிவில் நிற்கிறது. அடுத்து வரும் அமிலம் அந்தத் தோலை ஊடுருவித்தான் உள்ளே இருக்கும் சுண்ணாம்பைத் தொட வேண்டும். அப்படியானால் நேரத்தைத் தின்பது எது? அமிலமும் சுண்ணாம்பும் வினைபுரிவதா, அமிலம் தோலைக் கடந்து போவதா?

கண்டுபிடிக்க ஒரு எளிய கேள்வி போதும். பாதிச் சுண்ணாம்பு கரைய எவ்வளவு நேரம் ஆனது, முழுவதும் கரைய எவ்வளவு ஆனது? தட்டையான ஓட்டில் பாதிக்கான நேரம் முழு நேரத்தில் பாதியாக இருந்தால் வினைதான் மெதுவானது. கால் பங்காக இருந்தால் தோலைக் கடப்பதுதான் தடை, ஏனெனில் உள்ளே போகப் போகக் கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது.

கொடுக்கைப் பிரிக்கச் சொன்ன காரணமும் இதுதான். ஓட்டுத் துண்டு அகலமாக இருந்தாலும் அமிலம் இரண்டு முகங்களிலிருந்தும் நுழைகிறது, எனவே அது கடக்க வேண்டிய தூரம் தடிமனில் பாதி மட்டுமே. ஓட்டை இன்னும் சின்னதாக அரைத்தால் வேகம் கூடும் என்று நினைத்து அரவைக்கு மின்சாரத்தைக் கொட்டுகிறார்கள். துண்டின் அகலம் தடிமனுக்குச் சமமாக வரும் வரை அரைத்து அதிகப் பலன் கிடைக்காது. அதை விடத் தடித்த கொடுக்கையும் மெல்லிய முதுகு ஓட்டையும் பிரித்துத் தனித்தனித் தொட்டியில் போடுவது நல்லது. தடிமன் இரண்டு மடங்கானால், வினை மெதுவாக இருக்கும் நிலையில் நேரமும் இரண்டு மடங்கு. தோல் தடையாக இருந்தால் நான்கு மடங்கு. கலந்து போட்டால் முதுகு ஓடு எப்போதோ முடிந்து, கொடுக்குக்காக மொத்தத் தொட்டியும் காத்துக்கிடக்கும்.

நான்காம் படி: வெப்பநிலையை மாற்றிப் பாருங்கள்

ஒரே வெப்பநிலையில் அளந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். குறைந்தது மூன்று வெப்பநிலைகளில், ஒவ்வொன்றிலும் இரண்டு முறை செய்யுங்கள். மார்கழி அதிகாலையில் அளந்த எண் சித்திரை மதியத்துக்குப் பொருந்தாது.

"பத்து டிகிரி ஏறினால் வேகம் இரட்டிக்கும்" என்று ஒரு வழக்கு உண்டு. வினை நடக்கத் துகள்கள் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையைக் கிளர்வு ஆற்றல் என்பார்கள். அறை வெப்பநிலையை ஒட்டி, கிளர்வு ஆற்றல் மோலுக்குச் சுமார் 53 கிலோஜூல் உள்ள வினைக்கு மட்டுமே அது சரி. சர்க்கரை உடையும் வினைக்குக் கிளர்வு ஆற்றல் ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு, 107 கிலோஜூல் அளவில் இருக்கிறது. அங்கே பத்து டிகிரிக்கு நான்கு மடங்கு வேகம். இதே கணக்கை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை நீட்டினால், புளிப்பு மாறாமல் இருக்கும்போதே வேகம் ஏறத்தாழ 2,900 மடங்கு. இதோடு புளிப்பைக் காட்டும் பி.எச். ஒரு எண் இறங்கினால் (அதாவது புளிப்பு கூடினால்) இன்னும் பத்து மடங்கு. இப்போது கலயத்துக்குத் திரும்பி வாருங்கள். பாளையடியில் இரவு முழுக்க நடக்காத அளவுச் சிதைவு, புளித்த பதநீரை அடுப்பில் ஏற்றிய சில நிமிடங்களில் நடந்துவிடும். கருப்பட்டி காய்ச்சும் அம்மாக்கள் பதநீர் புளித்திருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டே அடுப்பில் ஊற்றுகிறார்கள். வேகத்தைத் தீர்மானிக்கும் இரண்டு காரணிகளில் தங்கள் கையில் இருப்பது எது என்று அவர்களுக்குத் தெரியும். அடுப்பின் சூட்டைக் குறைக்க முடியாது, புளிப்பைத் தடுக்க முடியும்.

கணக்கு இப்படி. மாறிலியின் இயல் மடக்கையைச் செங்குத்து அச்சிலும், கெல்வினில் எழுதிய வெப்பநிலையின் தலைகீழியைக் கிடை அச்சிலும் குறித்து நேர்கோடு போடுங்கள். கோட்டின் சாய்வை 8.314-ஆல் பெருக்கினால், குறியை விட்டுவிட்டுப் பார்க்க, கிளர்வு ஆற்றல் ஜூலில் வரும். சரிபார்க்க ஒரு எண்: 40-லிருந்து 50 டிகிரிக்குப் போகும்போது மாறிலி இரண்டு மடங்கானால் விடை சுமார் 58 கிலோஜூல். செல்சியஸை அப்படியே போட்டுவிட்டு விடை வரவில்லை என்று தவிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. 273.15 கூட்டுங்கள்.

விடை 20 கிலோஜூலுக்கும் கீழே வந்தால் சந்தேகப்படுங்கள். நீங்கள் அளந்தது வினையின் வேகமாக இல்லாமல், பொருள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரும் வேகமாக இருக்கலாம். கலக்கியின் சுற்றை இரட்டித்துப் பாருங்கள். வேகம் கூடினால் சந்தேகம் உறுதி. அப்போது சூடாக்குவதால் பெரிய பயன் இல்லை, நன்றாகக் கலக்குவதில்தான் பணத்தைப் போட வேண்டும்.

ஐந்தாம் படி: எந்தத் தொட்டி, எவ்வளவு பெரிது

இப்போதுதான் அந்தக் கேள்விக்கு வருகிறோம். அடிப்படை வகைகள் மூன்று. எல்லாவற்றையும் போட்டு மூடி, முடிந்ததும் திறப்பது பேட்ச். ஒரு பக்கம் விட்டுக்கொண்டே மறுபக்கம் எடுத்துக்கொண்டே, உள்ளே நன்றாகக் கலக்குவது தொடர்கலப்புத் தொட்டி, ஆலையில் சி.எஸ்.டி.ஆர். என்பார்கள். நீண்ட குழாயில் வரிசையாக ஓடவிடுவது பி.எஃப்.ஆர்.

தொடர்கலப்புத் தொட்டியைப் புதியவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நன்றாகக் கலந்திருக்கிறது, அதனால் வேகமாக நடக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. நன்றாகக் கலந்திருப்பதால் உள்ளே எங்கு மொண்டு பார்த்தாலும் வெளியேறும் திரவம்தான் இருக்கும். வெளியேறும் திரவத்தில் சர்க்கரை பத்தில் ஒரு பங்குதான் மீதி என்றால், முழுத் தொட்டியும் அந்தக் குறைந்த செறிவில், அந்த மெதுவான வேகத்தில்தான் வேலை செய்கிறது. குழாயில் அப்படி இல்லை. நுழைவாயில் அருகே செறிவு முழுசாக இருக்கும், வேகமும் முழுசாக இருக்கும்.

எண்ணில் பார்ப்போம். மணிக்கு 100 லிட்டர் சர்க்கரைக் கரைசல், மாறிலி நிமிடத்துக்கு 0.0112, நூற்றுக்குத் தொண்ணூறு உடைய வேண்டும். குழாயில் 206 நிமிடம் தங்க வேண்டும், 344 லிட்டர் கொள்ளளவு போதும். ஒற்றைக் கலப்புத் தொட்டியில் 800 நிமிடத்துக்கு மேல் தங்க வேண்டும், சுமார் 1,340 லிட்டர் வேண்டும். நாலு மடங்கு! அதையே இரண்டு சம தொட்டிகளாகத் தொடராக வைத்தால் மொத்தம் 646 லிட்டர் போதும். மூன்றாக வைத்தால் 517. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது கிடைக்கும் லாபம் மிகப் பெரிது, பிறகு குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு அல்லது மூன்றில் நிறுத்திக்கொள்வதே என் பழக்கம். தொண்ணூறுக்குப் பதில் தொண்ணூற்றொன்பது வேண்டுமென்றால் ஒற்றைத் தொட்டி குழாயை விட இருபத்தொரு மடங்கு பெரிதாகிவிடும். அதனால் கடைசி ஒன்பது சதவீதம் உண்மையிலேயே வேண்டுமா என்று வாங்குபவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பேட்சுக்கும் 206 நிமிடம்தான். ஆனால் நிரப்ப, சூடாக்க, இறக்க, கழுவ ஒன்றரை மணி நேரம் சேர்த்தால் சுற்றுக்கு ஐந்து மணி நேரம். மணிக்கு 100 லிட்டர் சராசரி வர ஒரு சுற்றில் 500 லிட்டர் எடுக்க வேண்டும். தொட்டியை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது என்பதால் 670 லிட்டர் தொட்டி. பெரிதாகத்தான் இருக்கிறது. இருந்தும் புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பேட்சையே சொல்வேன். நம் கடற்கரையில் மூலப்பொருள் நாளுக்கு ஒரு மாதிரி வரும். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஓடு வரத்தும் குறைந்துவிடும். தொடர்ந்து ஓட வேண்டிய ரியாக்டரை அப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் நல்ல சரக்கும் கெடும்.

நண்டு ஓட்டுக்கு மூன்றும் இல்லாத நான்காவது ஒன்று வேண்டும். ஓட்டையும் தண்ணீரையும் முதலில் போட்டு, அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் அரை-பேட்ச். அமிலம் விடும் வேகம்தான் வாயு வரும் வேகம். அந்த 1,250 லிட்டர் வாயுவை இரண்டு மணி நேரத்தில் பரப்பி விட்டால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் சொச்சம், நுரை தானாக அடங்கும். ஓடு, திரவம் இரண்டும் சேர்த்து டிரம்மைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வினைவேகம் ரியாக்டர் வகையைத் தேர்ந்தெடுக்கும் என்று பாடத்தில் படிக்கிறோம். சில சமயம் நுரைதான் தேர்ந்தெடுக்கும்.

ஆறாம் படி: சூடு எங்கே போகும்?

ஒரு லிட்டரிலிருந்து ஆயிரம் லிட்டருக்குப் போனால் நீளம் 10 மடங்கு, சுவரின் பரப்பு 100 மடங்கு, கொள்ளளவு 1,000 மடங்கு. சூடு உண்டாவது கொள்ளளவில், வெளியேறுவது சுவர் வழியாக. ஆகவே ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் சுவர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பீக்கரைத் தொட்டு "சூடே ஆகவில்லை" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குப் போகாதீர்கள்.

எதுவும் வெளியேறாவிட்டால் எவ்வளவு ஏறும் என்று முதலில் கணக்கிடுங்கள். வலிமையான அமிலமும் காஸ்டிக் சோடாவும் சேரும்போது மோலுக்கு 57 கிலோஜூல் வருகிறது. கலந்தபின் லிட்டருக்கு ஒரு மோல் என்றால் 13 அல்லது 14 டிகிரி ஏறும், பயமில்லை. கைட்டோசான் செய்பவர்கள் பயன்படுத்தும் அடர்த்தியான காஸ்டிக் கழிவை அடர் அமிலத்தால் சமன்செய்யப் போனால் கதை வேறு. லிட்டருக்குப் பத்து மோல் உள்ள இரண்டையும் சம அளவில் கலந்தால் ஏறக்குறைய 70 டிகிரி ஏற்றம். நம் ஊர் மதிய வெயிலில் 32 டிகிரியில் நிற்கும் திரவம் கொதித்துத் தெறிக்கும். இரண்டையும் முதலில் நிறையத் தண்ணீரில் நீர்த்த பிறகே சேர்க்க வேண்டும். நீர்க்கும்போது எப்போதும் தண்ணீருக்குள் அமிலத்தைத்தான் விட வேண்டும், அமிலத்துக்குள் தண்ணீரை விடக் கூடாது.

மின்தடை வந்தால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். கலக்கி நின்றபின்னும் அமிலம் விழுந்துகொண்டே இருந்தால் வினைபுரியாத அமிலம் ஓரிடத்தில் தேங்கும். மின்சாரம் வந்ததும் கலக்கி ஒரே சுற்றில் அத்தனையையும் கலந்துவிடும். அமிலப் பம்ப்பின் மின்இணைப்பைக் கலக்கி மோட்டாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். கலக்கி நின்றால் பம்ப்பும் நிற்க வேண்டும், மீண்டும் கையால் போட்டால்தான் ஓட வேண்டும். சில நூறு ரூபாய் வேலை.

தொட்டியைச் சுற்றியுள்ள வெளி உறையான ஜாக்கெட்டில் விடும் குளிர்நீர் உவர்நீராக இருந்தால் சுவரில் உப்புப் படிவு ஏறி, நாளாக நாளாகக் குளிர்விப்பது குறையும். மாதம் ஒருமுறை அதே அளவு தண்ணீரைச் சூடாக்கி, ஆற எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். நேரம் கூடிக்கொண்டே போனால் படிவு ஏறுகிறது என்று பொருள்.

ஏழாம் படி: தொட்டியின் பொருளும் கழிவும்

ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஸ்டீல் வேண்டாம், எவர்சில்வராக இருந்தாலும் வேண்டாம். குளோரைடு அதைத் தின்றுவிடும். கெட்டியான பாலிஎத்திலீன் டிரம் அல்லது எஃப்.ஆர்.பி. (இழை சேர்த்து வலுவூட்டிய பிளாஸ்டிக்) தொட்டி எடுங்கள். தரை கழுவ வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடரை அமிலம் வைத்த அறைக்குள் கொண்டுவராதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது உயிருக்கே ஆபத்து.

கரைசலில் மிஞ்சுவது கால்சியம் குளோரைடும் மிச்ச அமிலமும் புரதமும். இதைக் கடலுக்கோ ஊருணிக்கோ விடக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பவளத்திட்டும் கடற்புல்லும் இருப்பதால்தான் நமக்கு நண்டும் மீனும் கிடைக்கிறது. தொடங்கும் முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வாங்க வேண்டும். அவர்கள் கேட்கும் கழிவின் அளவு, தன்மை எல்லாம் முதல் படியில் எழுதிய வரவு செலவுக் கணக்கிலேயே இருக்கிறது.

எட்டாம் படி: முதல் ஓட்டம்

தொடர் தொட்டி வைத்திருப்பவர்கள் சரக்கைப் போடும் முன் வெறும் தண்ணீர் ஓடவிட்டு, ஒரு கைப்பிடி உப்பைக் கரைத்து நுழைவாயிலில் ஊற்றி, வெளியே மின்கடத்துதிறன் மீட்டரில் பாருங்கள். கணக்கிட்ட தங்கும் நேரத்துக்கு வெகுமுன்பே உப்பு பெருமளவில் வந்துவிட்டால் திரவம் குறுக்கு வழியில் ஓடுகிறது. தொட்டியின் ஒரு பகுதி சும்மா கிடக்கிறது. இந்தச் சோதனைக்கு முறையான கணக்கை 1953-இல் டாங்க்வெர்ட்ஸ் என்ற வேதிப்பொறியாளர் கொடுத்தார். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்பு என்பதால் மீட்டர் முதலிலேயே ஏறி நிற்கும். அப்போது உப்பைக் கூட்டிப் போடுங்கள், அல்லது உணவுச் சாயம் விட்டுக் கண்ணால் பாருங்கள்.

பேட்ச் வைத்திருப்பவர்கள் முதல் மூன்று ஓட்டங்களைத் தொட்டியின் கால் பங்கு அளவில் செய்யுங்கள். நோட்டில் நேரம், திரவத்தின் வெப்பநிலை, கலக்கியின் சுற்று, அதுவரை விட்ட அமிலம், நுரையின் உயரம் இவற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். முடிய ஆன நேரத்தை உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். கால் பங்குக்கு மேல் வேறுபட்டால் மாறிலியைச் சந்தேகிக்கும் முன், முதலில் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரிலும் கொதிநீரிலும் வைத்துச் சரிபாருங்கள். பிறகு கலக்கி அடியில் கிடக்கும் ஓட்டைத் தூக்குகிறதா என்று பாருங்கள். அதற்கும் பிறகு அன்றைய ஓட்டில் கொடுக்கு எவ்வளவு கலந்திருந்தது என்று கேளுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் தராசையும் வினிகரையும் மறுபடி வெளியே எடுங்கள்.